நீர்ப்பிடிப்பு மாதிரியாக்கத்திற்கான பொது நிலப்பயன்பாட்டுத் தரவுகள்: அமெரிக்க வரலாறு

நிலப்பயன்பாட்டுத் தரவு என்பது ஒரு நிலப்பரப்பின் ஒவ்வொரு பகுதியும் காடா, வயலா, குடியிருப்பா, சாலையா, நீர்நிலையா என்று வகைப்படுத்திக் காட்டும் வரைபடத் தொகுப்பு ஆகும். ஓர் ஆற்றுக்கோ ஏரிக்கோ நீர் சேர்க்கும் நிலப்பரப்பு முழுவதும் அதன் நீர்ப்பிடிப்புப் பகுதி எனப்படும். அங்கு பெய்யும் மழையில் எவ்வளவு நீர் ஆற்றை அடையும், அந்நீர் எவ்வளவு மண்ணையும் உரச்சத்தையும் அடித்து வரும் என்பதைக் கணினியில் கணக்கிடும் முறை நீர்ப்பிடிப்பு மாதிரியாக்கம் ஆகும். மழை அளவு, நிலத்தின் சரிவு, மண்ணின் வகை, நிலப்பயன்பாடு ஆகிய நான்கும் இக்கணக்கிற்கு வேண்டும். இவற்றுள் மனிதர்களால் விரைவாக மாற்றப்படுவது நிலப்பயன்பாடு.

இன்று அமெரிக்காவின் எந்தவோர் ஆற்றுப் பகுதிக்கும் இத்தரவை எவரும் இணையத்தில் கட்டணமின்றிப் பதிவிறக்கலாம். இந்நிலை ஏற்பட ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஆயின. இடையில் பொதுப்பணத்தில் எடுக்கப்பட்ட படங்கள் தனியார் விற்பனைக்குச் சென்றதும் உண்டு. அவ்வரலாற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

நிலப்பயன்பாடும் ஓடுநீரும்

நிலப்பயன்பாடு தெரியாமல் ஓடுநீரைக் கணக்கிட முடியாது என்பதை ஓர் எளிய எடுத்துக்காட்டால் அறியலாம். அமெரிக்க மண்வளப் பாதுகாப்புத் துறை 1950களில் 'வளைவு எண்' என்னும் முறையை உருவாக்கியது. மண்ணின் தன்மையையும் நிலத்தின் பயன்பாட்டையும் சேர்த்து ஒவ்வொரு நிலத்துக்கும் 100க்குள் ஓர் எண் தரப்படும். எண் கூடக்கூட நிலத்தில் ஊறும் நீர் குறையும், ஓடும் நீர் கூடும்.

ஓரளவு நீர் ஊறக்கூடிய ஒரே வகை மண்ணில் 100 மில்லிமீட்டர் மழை பெய்வதாகக் கொள்வோம். நன்கு பராமரிக்கப்பட்ட காட்டின் எண் 55. அங்கிருந்து ஏறத்தாழ 13 மில்லிமீட்டர் நீர் மட்டுமே ஓடும். கால் ஏக்கர் மனைகளாக வீடுகள் அமைந்த பகுதியின் எண் 75. ஓடுநீர் 41 மில்லிமீட்டர். வரிசையாகப் பயிரிடப்பட்ட வயலின் எண் 78. ஓடுநீர் 47 மில்லிமீட்டர். தார் அல்லது சிமெண்ட் தளமிட்ட இடத்தின் எண் 98. ஓடுநீர் 94 மில்லிமீட்டர். மழையும் மண்ணும் ஒன்றே. மேலே என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்து ஓடுநீர் ஏழு மடங்கு மாறுகிறது. வரைபடத்தில் காடு என்று இருந்து, நேரில் வாகன நிறுத்துமிடம் ஆகியிருந்தால் மாதிரி தரும் விடை எவ்வளவு பிழைபடும் என்பதை இதிலிருந்து உணரலாம்.

தேவை எழுந்த சூழல்

1969 சூன் 22 அன்று ஒகையோ மாநிலத்தின் கயகோகா ஆற்றில் மிதந்த எண்ணெய்க் கழிவு தீப்பற்றி எரிந்தது. அந்த ஆறு அதற்கு முன்பும் பலமுறை எரிந்ததுண்டு. எனினும் இம்முறை அது நாட்டின் கவனத்தை ஈர்த்தது. 1972 அக்டோபரில் தூய நீர்ச் சட்டம் நிறைவேறியது.

தொழிற்சாலைக் குழாய்களையும் நகரக் கழிவுநீர்க் குழாய்களையும் அச்சட்டம் முதலில் கட்டுப்படுத்தியது. குழாயின் வாயில் அளவெடுத்து உரிமம் வழங்குவது எளிது. வயல்களிலிருந்தும் தெருக்களிலிருந்தும் புல்வெளிகளிலிருந்தும் மழையோடு வரும் மாசுக்குக் குழாயும் இல்லை, வாயும் இல்லை. அதனை நிலத்தின் பரப்பைக் கொண்டே மதிப்பிட முடியும். எந்த நிலம் எவ்வளவு என்ற கணக்கு நாடு முழுவதற்கும் தேவைப்பட்டது.

அதே 1972ஆம் ஆண்டு சூலை 23 அன்று பிற்காலத்தில் லேண்ட்சாட் 1 எனப் பெயர் பெற்ற செயற்கைக்கோள் ஏவப்பட்டது. வர்சீனியா நார்வுட் என்னும் பொறியாளர் வடிவமைத்த பல்நிறமாலை வருடி அதில் இருந்தது. ஏறத்தாழ 80 மீட்டர் பக்கமுள்ள கட்டங்களாகப் பிரித்து அது நிலத்தைப் படமெடுத்தது. படங்கள் தெற்கு டக்கோட்டாவின் சூ பால்சு நகருக்கு அருகிலுள்ள ஈரோசு தரவு மையத்தில் சேமிக்கப்பட்டன.

ஆண்டர்சன் வகைப்பாடு

படம் இருந்தால் மட்டும் போதாது. ஒரு மாநிலம் 'தோப்பு' என்பதை அடுத்த மாநிலம் 'காடு' என்றால் இரு மாநிலங்களிலும் ஓடும் ஆற்றுக்குக் கணக்கிட முடியாது. இக்குறையை அமெரிக்க நிலவியல் ஆய்வகத்தின் தலைமைப் புவியியலாளர் சேம்சு ஆண்டர்சன் நீக்கினார். எர்னசுட்டு ஆர்டி, சான் ரோச்சு, ரிச்சர்டு விட்மர் ஆகியோருடன் இணைந்து அவர் உருவாக்கிய வகைப்பாடு 1976இல் வெளியானது.

முதல் நிலையில் நகர நிலம், வேளாண் நிலம், மேய்ச்சல் வெளி, காடு, நீர், சதுப்பு நிலம், தரிசு, துருவப்புல் நிலம், நிலைத்த பனி என ஒன்பது வகைகள் அதில் உண்டு. அடுத்த நிலையில் ஒவ்வொன்றும் உட்பிரிவுகளாகப் பிரியும். வகைகளை இனங்காண்பதில் குறைந்தது 85 விழுக்காடு துல்லியம் இருக்க வேண்டும், ஒருவர் படித்தாலும் வேறொருவர் படித்தாலும் ஒரே விடை கிடைக்க வேண்டும் என்பன அதன் விதிகளுள் சில. இன்று வழங்கும் அமெரிக்கத் தரவுகளின் எண் குறியீடுகள் இவ்வகைப்பாட்டிலிருந்து கிளைத்தவை.

இதனைக் கொண்டு 1970களின் நடுவிலிருந்து நாடு முழுவதற்கும் நிலப்பயன்பாட்டு வரைபடங்கள் வரையப்பட்டன. உயரப் பறந்த விமானங்களின் ஒளிப்படங்களே அவற்றுக்கு முதன்மை ஆதாரம். வல்லுநர்கள் படங்களைப் பார்த்துக் கையால் எல்லைக்கோடு வரைந்தனர். கோடுகள் பின்னர் கணினியில் ஏற்றப்பட்டன. இத்தரவு 'சிராசு' என்னும் பெயரால் அறியப்பட்டது. நகர நிலமும் நீர்நிலையும் 4 எக்டேர் இருந்தால் வரைபடத்தில் இடம்பெறும். வயல், காடு போன்றவற்றுள் பெரும்பாலானவை 16 எக்டேர் இருந்தால்தான் இடம்பெறும். அதற்குக் குறைந்த தோப்பும் பண்ணையும் சுற்றியுள்ள பெரிய வகைக்குள் மறைந்துவிடும்.

படங்கள் விற்பனைக்குச் சென்ற காலம்

1982இல் ஏவப்பட்ட லேண்ட்சாட் 4 முதல் 30 மீட்டர் தெளிவுள்ள படங்கள் கிடைக்கத் தொடங்கின. நிலப்பயன்பாட்டு வரைபடத்தைக் கணினியிலேயே தயாரிக்க இவை ஏற்றவை. ஆனால் 1984இல் நிறைவேறிய சட்டம் லேண்ட்சாட் படங்களை வணிகமாக்கியது. அடுத்த ஆண்டு விற்பனை உரிமை ஈயோசாட் என்னும் நிறுவனத்திடம் சென்றது. ஒரு படத்தின் விலை காலப்போக்கில் 4,400 டாலர் வரை உயர்ந்தது. வாங்கியவர் அதனைப் பிறருக்குப் பகிரவும் தடை இருந்தது.

ஒரு படம் ஏறத்தாழ 185 கிலோமீட்டர் அகலமுள்ள பரப்பைக் காட்டும். பெரிய ஆற்றின் நீர்ப்பிடிப்புப் பகுதிக்குப் பல படங்கள் வேண்டும். வெவ்வேறு பருவங்களை ஒப்பிட்டால்தான் பயிரையும் புல்லையும் பிரித்தறிய முடியும் என்பதால் ஒவ்வோர் இடத்திற்கும் ஒன்றுக்கு மேற்பட்ட படங்கள் தேவை. பல்கலைக்கழக ஆய்வாளர்களும் சிறிய மாவட்ட நிர்வாகங்களும் இவ்விலை கொடுக்க இயலாமல் ஒதுங்கினர்.

1989இல் நிதி தீர்ந்ததால் லேண்ட்சாட் 4, 5 ஆகிய இரண்டையும் நிறுத்திவிட ஆணை பிறந்தது. துணைக் குடியரசுத் தலைவர் டான் குவேலின் தலைமையிலான விண்வெளிக் குழு தலையிட்டு அவசர நிதி பெற்றுத் தந்தது. 1992ஆம் ஆண்டுச் சட்டம் திட்டத்தை மீண்டும் அரசின் பொறுப்பில் கொண்டுவந்தது. 1993 அக்டோபரில் லேண்ட்சாட் 6 சுற்றுப்பாதையை அடையாமல் அழிந்தது. அடுத்த செயற்கைக்கோள் 1999இல்தான் ஏவப்பட்டது. மூன்றாண்டு உழைப்புக்கென 1984இல் அனுப்பப்பட்ட லேண்ட்சாட் 5 அந்த இடைவெளியைத் தாங்கி, 2013 வரை இயங்கியது.

கூட்டாக வாங்கிய படங்கள்

ஒரே இடத்தின் படத்தை நிலவியல் ஆய்வகம் ஒருமுறையும், சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை ஒருமுறையும், வனத்துறை ஒருமுறையும் விலைகொடுத்து வாங்கும் நிலை இருந்தது. இவ்வீண் செலவைத் தவிர்க்க 1990களின் தொடக்கத்தில் நடுவண் அரசின் பல துறைகள் ஒரு கூட்டமைப்பை ஏற்படுத்தின. படங்களை ஒருமுறை வாங்கி அனைவரும் பயன்படுத்துவது அதன் முதல் நோக்கம்.

அம்முயற்சியின் பயனாகத் தேசிய நிலப்போர்வைத் தரவுத்தளம் உருவானது. 1990களின் தொடக்கத்தில் எடுக்கப்பட்ட படங்களைக் கொண்ட அதன் முதல் பதிப்பு 1992ஆம் ஆண்டின் பெயரைத் தாங்கியது. அலாசுக்காவும் அவாயும் நீங்கலாக நாடு முழுவதும் 30 மீட்டர் கட்டங்களாக, 21 வகைகளில் பிரிக்கப்பட்டது. பரப்பளவைக் கொண்டு கணக்கிட்டால் அவை ஏறத்தாழ 900 கோடிக் கட்டங்கள் ஆகும்.

2001ஆம் ஆண்டுப் பதிப்பில் வகைகள் மாற்றியமைக்கப்பட்டன. ஒவ்வொரு கட்டத்திலும் நீர் ஊறாத தளம் எத்தனை விழுக்காடு, மரக்கவிப்பு எத்தனை விழுக்காடு என்ற தகவல்களும் சேர்ந்தன. வெள்ளக் கணக்கிடுவோருக்கு இது பெரிய உதவி. ஆனால் வகைப்பாடு மாறியதால் 1992, 2001 பதிப்புகளை நேரடியாக ஒப்பிட முடியாமல் போனது. ஒப்பிட்டவர்களுக்கு, நிலத்தில் நிகழாத மாற்றங்களும் மாற்றங்களாகத் தெரிந்தன. இதற்காகவே இரண்டையும் இணைக்கும் தனித் தரவு ஒன்றைப் பின்னர் வெளியிட நேர்ந்தது.

பேசின்சு: மாதிரியோடு சேர்ந்து வந்த தரவு

தூய நீர்ச் சட்டத்தின்படி மாசுபட்ட ஒவ்வொரு நீர்நிலைக்கும் அது தாங்கக்கூடிய மாசின் உச்ச அளவைக் கணக்கிட வேண்டும். இப்பணி பல ஆண்டுகள் கிடப்பில் இருந்தது. 1980களிலும் 1990களிலும் தொடுக்கப்பட்ட வழக்குகளால் அது விரைவுபட்டது. மாநில அலுவலர்களுக்குக் கருவி தேவைப்பட்டது.

1996இல் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை பேசின்சு என்னும் மென்பொருள் தொகுப்பை வெளியிட்டது. மாதிரிகள், மண் தரவு, ஆற்று வலையமைப்பு, நிலப்பயன்பாடு ஆகியவை குறுவட்டுகளில் ஒன்றாகக் கிடைத்தன. தரவைத் தேடி அலையும் வேலை இதனால் குறைந்தது. எனினும் அதிலிருந்த நிலப்பயன்பாடு பழைய சிராசு தரவு. 1970களில் வயலாக இருந்து பின்னர் புறநகராக வளர்ந்துவிட்ட இடங்கள் அதில் வயலாகவே நின்றன. கவனமின்றிப் பயன்படுத்தினால், வீட்டுமனைகள் உண்டாக்கிய மாசு உழவர் கணக்கில் ஏறிவிடும்.

பின்வந்த பதிப்புகளில் வேளாண் ஆய்வுப் பணியகத்தின் செஃப் அர்னால்டும் அவர் குழுவினரும் டெக்சாசில் உருவாக்கிய சுவாட் மாதிரியும் சேர்ந்தது. நான்காம் பதிப்பு கட்டற்ற புவியியல் மென்பொருளின் மீது அமைந்தது. வடிநிலத்தின் எட்டு இலக்கக் குறியீட்டைத் தேர்ந்தால் உரிய தரவுகளை அதுவே இணையத்திலிருந்து இறக்கித் தந்தது.

கட்டணம் நீங்கியது

லேண்ட்சாட் 7 படங்கள் அரசால் 600 டாலருக்கு விற்கப்பட்டன. பழைய விலையோடு ஒப்பிட இது குறைவு. ஆயினும் அதிகம் விற்ற 2001ஆம் ஆண்டில்கூட ஏறத்தாழ 25,000 படங்களே சென்றன. 2008இல் நிலவியல் ஆய்வகம் தன் சேமிப்பிலிருந்த லேண்ட்சாட் படங்கள் அனைத்தையும் கட்டணமின்றித் திறந்துவிட்டது. முழுமையாகத் திறந்த ஓராண்டுக்குள் பத்து இலட்சத்திற்கும் மேற்பட்ட படங்கள் பதிவிறக்கப்பட்டன. விலையில்லாத படங்களால் நிலப்போர்வைத் தரவை அடிக்கடி புதுப்பிக்க முடிந்தது. வேளாண் துறை 1997இல் சில பகுதிகளுக்கு மட்டும் தொடங்கிய பயிர் வரைபடம் 2008 முதல் அலாசுக்கா, அவாய் நீங்கலாக நாடு முழுவதற்கும் ஆண்டுதோறும் வரலாயிற்று. மக்காச்சோளமா, சோயாவா, கோதுமையா என்று அது வயல்வாரியாகக் காட்டும்.

2018இல் மீண்டும் கட்டணம் விதிக்கலாமா என்ற ஆய்வு எழுந்தது. ஆய்வாளர்கள் எதிர்த்தனர். 2017ஆம் ஆண்டில் மட்டும் லேண்ட்சாட் படங்களால் கிடைத்த பயன் 345 கோடி டாலர் என நிலவியல் ஆய்வகத்தின் மதிப்பீடு கூறியது. படங்கள் இன்றும் கட்டணமின்றியே கிடைக்கின்றன.

செசபீக் விரிகுடா: வரைபடம் வழக்கான கதை

நிலப்பயன்பாட்டுத் தரவின் துல்லியம் யாரைப் பாதிக்கும் என்பதற்குச் செசபீக் விரிகுடா நல்ல சான்று. ஆறு மாநிலங்களிலும் வாசிங்டன் நகரிலும் பரவிய அதன் நீர்ப்பிடிப்புப் பகுதி ஏறத்தாழ 1,66,000 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டின் பரப்பைவிடப் பெரியது. உரச்சத்து மிகுந்து பாசி பெருகி, உயிர்வளி குறைந்து, நண்டும் சிப்பியும் நலிந்தன.

2010 டிசம்பர் 29 அன்று சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை விரிகுடாவுக்கான மாசு உச்ச அளவை அறிவித்தது. நைட்ரசனை 25 விழுக்காடும், பாசுபரசை 24 விழுக்காடும், வண்டலை 20 விழுக்காடும் குறைக்க வேண்டும். இந்த அளவு மாநிலங்களுக்கும், அவற்றினுள் வேளாண்மை, நகரம் முதலிய துறைகளுக்கும் பங்கிடப்பட்டது. பங்கீட்டுக்கு அடிப்படை கணினி மாதிரி. மாதிரிக்கு அடிப்படை நிலப்பயன்பாடு. ஒரு மாவட்டத்தில் எத்தனை ஏக்கர் பயிர், எத்தனை ஏக்கர் புல்தரை என்ற கணக்கு, யார் எவ்வளவு செலவு செய்ய வேண்டும் என்ற கட்டளையாக மாறியது.

வேளாண் துறையின் மாதிரியும் முகமையின் மாதிரியும் ஒரே பகுதிக்குத் தந்த நிலக்கணக்குகள் ஒத்துப்போகவில்லை என்பதை உழவர் தரப்பு சுட்டிக்காட்டியது. 2011 சனவரியில் அமெரிக்கப் பண்ணைக் கூட்டமைப்பு வழக்குத் தொடர்ந்தது. முகமைக்கு அந்த அதிகாரம் இல்லை, மாதிரிகள் பிழையுடையவை, பொதுமக்கள் கருத்துரைக்கப் போதிய வாய்ப்பு தரப்படவில்லை என்பன அதன் வாதங்கள். 2013இல் மாவட்ட நீதிமன்றமும் 2015இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் முகமையின் திட்டத்தை ஏற்றன. 2016இல் உச்ச நீதிமன்றம் வழக்கை எடுக்க மறுத்தது.

வழக்கில் முகமை வென்றாலும், தரவைப் பற்றிய குறை வீண்போகவில்லை. 30 மீட்டர் கட்டத்தில் மரநிழலில் மறைந்த சாலைகளும் சிறு புல்தரைகளும் சரியாகப் பதிவாவதில்லை. எனவே இப்பகுதி முழுவதற்கும் 1 மீட்டர் தெளிவுள்ள நிலப்போர்வை வரைபடம் 2016இல் உருவாக்கப்பட்டது. பழைய ஒரு கட்டத்தின் இடத்தில் 900 கட்டங்கள் இதில் உண்டு. அதனைக் கொண்டு தயாரித்த நிலப்பயன்பாட்டை உள்ளாட்சி அமைப்புகள் பார்த்துத் திருத்தம் கூற வாய்ப்பளிக்கப்பட்டது. மாதிரியின் அடுத்த பதிப்பு அத்தரவைப் பயன்படுத்தியது. தரவு பொதுவில் இருந்ததால் குறைகளைப் பிறரும் காண முடிந்தது.

தரவைத் தேடிப் பெறும் முறை

இன்று இத்தரவைப் பெறுபவர் பின்பற்றும் வரிசை பின்வருமாறு அமையும்.

முதலில் நீர்ப்பிடிப்புப் பகுதியின் எல்லையை நிலஉயரத் தரவிலிருந்து வரைந்துகொள்ள வேண்டும். மாவட்ட எல்லையைக் கொண்டு தரவை வெட்டினால் மேட்டுப்பகுதி விடுபட்டுப் போகலாம். எல்லைக்குச் சற்று வெளியிலும் சேர்த்து இறக்குவது வழக்கம்.

அடுத்து ஆண்டைத் தேர வேண்டும். 1995ஆம் ஆண்டின் ஆற்றோட்ட அளவுகளோடு மாதிரியைச் சரிபார்ப்பவருக்கு 2021ஆம் ஆண்டு நிலப்பயன்பாடு பொருந்தாது.

மூன்றாவதாகக் குறியீடுகளைப் படிக்க வேண்டும். தேசியத் தரவுத்தளத்தில் 41 என்றால் இலையுதிர் காடு, 81 என்றால் மேய்ச்சல் புல், 82 என்றால் பயிர் நிலம், 24 என்றால் அடர்ந்த நகரம். இவ்வெண்களை மாதிரியின் சொந்த வகைகளோடு இணைக்கும் அட்டவணையைத் தயாரிக்க வேண்டும். தவறு பெரும்பாலும் இங்கேதான் நேரும்.

நான்காவதாகக் கட்டத்தின் அளவையோ வரைபட வீழலையோ மாற்றும்போது சராசரி எடுக்கக்கூடாது. காட்டின் 41க்கும் மேய்ச்சல் நிலத்தின் 81க்கும் சராசரி 61. 1992ஆம் ஆண்டுப் பட்டியலில் 61 பழத்தோட்டத்தைக் குறித்தது. இல்லாத பழத்தோட்டம் ஒன்று ஆற்றங்கரையில் முளைத்துவிடும். இவ்வெண்கள் பெயர்களே அன்றி அளவுகள் அல்ல. எனவே அருகிலுள்ள கட்டத்தின் எண்ணை அப்படியே எடுக்கும் முறையைத் தேர வேண்டும்.

இறுதியாக, சில இடங்களையேனும் ஒளிப்படத்தோடோ நேரிலோ ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

அண்மைய வளர்ச்சியும் பிற நாடுகளும்

2024 அக்டோபரில் தேசிய நிலப்போர்வைத் தரவுத்தளம் ஆண்டுவாரித் தொகுப்பாக வெளியானது. 1985 முதல் 2023 வரை ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரே வகைப்பாட்டில் வரைபடம் உண்டு. 1992, 2001 பதிப்புகளுக்கு இடையே நேர்ந்த ஒப்பீட்டுச் சிக்கல் இத்தொகுப்பில் நீங்கியது. லேண்ட்சாட் 5 நிறுத்தப்படாமல் காக்கப்பட்டதன் பயனையும் இதில் காணலாம். இத்தொகுப்பின் முற்பகுதி பெரிதும் அதன் படங்களால் ஆனது.

ஐரோப்பிய விண்வெளி முகமை 10 மீட்டர் தெளிவுள்ள உலக நிலப்போர்வை வரைபடத்தை 2021இல் வெளியிட்டது. காவிரி, வைகை, தாமிரபரணி வடிநிலங்களுக்கும் அதனைக் கட்டணமின்றிப் பதிவிறக்கலாம். இந்தியாவில் தேசியத் தொலையுணர்வு மையம் 2005-06, 2011-12, 2015-16 ஆகிய ஆண்டுகளுக்கு 1:50,000 அளவில் நிலப்பயன்பாட்டு வரைபடங்களைத் தயாரித்துள்ளது. 2009இல் தொடங்கப்பட்ட புவன் இணையவாயிலில் அவற்றைப் பார்வையிடலாம்.